வெள்ளாட்டுப்பால் கெஃபிரில் கிடா வாடையா? முதலில் பாலைப் பாருங்கள்

இரண்டு முறை கெஃபிர் மணிகளையே (பாலைப் புளிக்கவைத்து கெஃபிர் என்ற பானமாக்கும் பாக்டீரியா, ஈஸ்ட் கட்டிகள்) மாற்றிவிட்டேன். ஜாடியைக் கொதிநீரில் கழுவினேன், இடத்தை மாற்றினேன். வாடை மட்டும் போகவில்லை. வாயில் வைக்கும்போது ஒன்றும் தெரியாது. விழுங்கிய பிறகு தொண்டைக்குள்ளிருந்து கிடா வாடை மேலே ஏறும். கோளாறு கெஃபிரில் இல்லை, மணிகளைப் போடுவதற்கு முன்பே பாலில் இருக்கிறது என்று புரிய எனக்குப் பல வாரம் ஆனது.

கெஃபிர் போடத் தெரியும் என்று வைத்துக்கொண்டு நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

படி 1: பாலைச் சோதியுங்கள்

ஊற்றப்போகும் பாலில் அரை டம்ளர் எடுத்து, காய்ச்சி ஆறவைத்து, கை பொறுக்கும் சூட்டில் ஐந்து நிமிடம் மூடி வையுங்கள். மூடியைத் திறந்ததும் முகருங்கள். ஒரு வாய் குடித்து, விழுங்கிய பின் கொஞ்சம் பொறுங்கள். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த குளிர்ந்த பாலில் வாடை சரியாகத் தெரியாது, அதனால்தான் இந்தச் சூடு. இங்கேயே வாடை வந்தால் மணிகளைக் குறை சொல்லிப் பயனில்லை.

படி 2: கறந்ததிலிருந்து காய்ச்சும் வரை

நான் மாட்டிக்கொண்டது இங்கேதான். வெள்ளாட்டுப்பால் கொழுப்பில் கேப்ராயிக், கேப்ரிலிக், கேப்ரிக் என்ற மூன்று அமிலங்கள் பசும்பாலில் இருப்பதைவிட அதிகம். மூன்று பெயர்களும் வெள்ளாட்டைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தவை. கொழுப்போடு பிணைந்திருக்கும்வரை இவை வாடை அடிக்காது. பாலிலேயே இருக்கும் லைபேஸ் என்ற நொதி அவற்றைப் பிரித்துவிட்டால்தான் வாடை கிளம்பும். பாலைக் குலுக்கினாலும், நுரைக்க ஊற்றினாலும், குளிர்ந்த பாலை மறுபடி வெதுவெதுப்பாக்கினாலும் கொழுப்புத் துளிகளின் மேலுறை கிழிந்து நொதிக்கு வழி கிடைத்துவிடும்.

நான் செய்துகொண்டிருந்தது என்ன தெரியுமா? காலைப் பால் காய்ச்சாமல் ஃப்ரிட்ஜில் இருக்கும். மாலையில் கறந்த சூட்டோடு புதுப் பாலை அதன் மேல் உயரத்திலிருந்து ஊற்றுவேன். மேலே ஒரு விரல்கடை நுரை நிற்கும். மூடி குலுக்கி, மறுபடி உள்ளே வைத்து, இரண்டு நாள் கழித்துக் காய்ச்சுவேன். நொதிக்கு வேண்டியதையெல்லாம் நானே செய்து கொடுத்திருக்கிறேன்.

காய்ச்சினால் லைபேஸ் செயலிழந்துவிடும், உண்மைதான். 72 டிகிரி செல்சியஸில் 15 விநாடி, அல்லது 63 டிகிரியில் 30 நிமிடம் போதும். ஆனால் அதற்குள் பிரிந்துவிட்ட அமிலம் பிரிந்ததுதான். காய்ச்சினால் அந்த வாடை போகாது.

இப்போது கறந்ததும் வடிகட்டி, பழைய பாலோடு கலக்காமல், உடனே காய்ச்சிவிடுகிறேன். முடியாத நாளில் பாத்திரத்தை ஐஸ் தண்ணீரில் வைத்துக் குளிரவைத்து, 4 டிகிரியில் வைத்து, மறுநாளே காய்ச்சிவிடுவேன். கறக்கிற இடத்தில் கிடா நிற்கக் கூடாது.

படி 3: மணி, நேரம், சூடு

பால் 25 டிகிரிக்கு ஆறியதும் அரை லிட்டருக்கு ஒரு மேசைக்கரண்டி மணி. 20 முதல் 25 டிகிரி சூட்டில் 18 முதல் 24 மணி நேரம். மணிகள் பெருகிக்கொண்டே போகும். கூடுதலானதை எடுத்துவிடுங்கள், இல்லையென்றால் சீக்கிரமே புளித்துப்போகும்.

தயிர் மாதிரி கெட்டியாகட்டும் என்று காத்திருக்காதீர்கள். வெள்ளாட்டுப்பாலில் ஆல்ஃபா எஸ்1 கேசின் என்ற புரதம் குறைவு என்பதால் கெஃபிர் நீர்த்துத்தான் இருக்கும். ஜாடியின் அடியில் சின்னச் சின்னதாகத் தெளிநீர் பிரிவது தெரிந்ததும் வடிகட்டிவிடுங்கள்.

மற்ற வாடைகளைச் சட்டென்று சொல்லிவிடுகிறேன். ரொட்டி மாவு வாடை வந்தால் ஈஸ்ட் மிஞ்சிவிட்டது, கொஞ்சம் குளிர்ந்த இடத்துக்கு மாற்றுங்கள். வினிகர் வாடை என்றால் நேரம் அதிகம், காற்றும் அதிகம். கசப்பு பெரும்பாலும் நாள்பட்ட பாலால் வருவது: குளிரிலும் வளரும் பாக்டீரியா புரதத்தை உடைத்துவிடும். நனைந்த அட்டை மாதிரி ருசி வந்தால் வெயில் பட்டிருக்கும், அல்லது செம்புப் பாத்திரம். கண்ணாடி ஜாடியும் எவர்சில்வர் வடிகட்டியும் போதும். விதவிதமான மூடிகளுக்குக் கொடுக்கிற காசில் நல்ல தெர்மாமீட்டர் ஒன்று வாங்குங்கள். என் வீட்டில் நிஜமாக உதவிய ஒரே கருவி அதுதான்.

பின்சேர்க்கை

இதைப் படித்துவிட்டுச் சிலர் கேட்டவை. ஃப்ரிட்ஜில் பல வாரம் கிடந்த மணிகளை எடுத்தால் முதல் இரண்டு மூன்று முறை ஈஸ்ட் வாடை வரும். 24 மணி நேரத்துக்கு ஒருமுறை பாலை மாற்றுங்கள், அந்தக் கெஃபிரைக் குடிக்க வேண்டாம், அப்புறம் சரியாகிவிடும். மணிகளைத் தண்ணீரில் கழுவினால் கிடா வாடை போகுமா என்றால், போகாது. அது மணியிலிருந்து வருவதில்லை. ஆனால் ஜாடியில் இளஞ்சிவப்போ பூஞ்சை முடியோ தெரிந்தால் ருசி பார்க்காதீர்கள், மணிகளோடு சேர்த்து மொத்தத்தையும் கொட்டிவிடுங்கள்.