வசனமே இல்லாமல் கேமில் கதை சொல்வது எப்படி

முதலில் கதையை நான்கைந்து வரிகளில் எழுதுங்கள். பிறகு ‘நினைத்தான்’, ‘ஏனென்றால்’, ‘பல வருடங்களுக்கு முன்பு’ என்று வருகிற இடங்களையெல்லாம் அடித்துவிடுங்கள். அவை வாயால் சொல்ல வேண்டிய சமாச்சாரங்கள். நட, இழு, தூக்கு, விடு, காத்திரு போன்ற வினைகள்தான் மிஞ்சும். அவற்றை வைத்துக் கதை நிற்கிறதா என்று பாருங்கள். நிற்கவில்லை என்றால் அந்தக் கதைக்கு வசனம் வேண்டும். வீம்புக்கு வாயைக் கட்டினால் ஆடுபவருக்குக் குழப்பம்தான்.

மிஞ்சிய வினைகளில் ஒன்றை எடுத்து ஆடுபவரின் விரலுக்குப் பழக்க வேண்டும்; நன்றாகப் பழகிய பிறகு மாற்ற வேண்டும். வித்தையில் பெரும்பகுதி இதுதான். 2013-இல் வந்த ‘பிரதர்ஸ்: எ டேல் ஆஃப் டூ சன்ஸ்’ கேமில் கன்ட்ரோலரின் இடது ஸ்டிக் (கட்டைவிரலால் தள்ளும் சிறு குச்சி) அண்ணனுக்கு, வலது ஸ்டிக் தம்பிக்கு. தம்பிக்குத் தண்ணீர் என்றால் பயம், அண்ணனைப் பிடித்துக்கொண்டுதான் நீரைக் கடப்பான். (இன்னும் ஆடாதவர்கள் அடுத்த வரியைத் தாண்டிவிடுங்கள்.) கடைசியில் அண்ணன் இல்லாத நேரத்தில் தம்பியைத் தண்ணீரில் இறக்க, அண்ணனுக்குரிய பட்டனை அழுத்த வேண்டும். அதுவரை அந்த விரல்தான் அண்ணன் என்பதால் அந்த அழுத்தம் நெஞ்சைத் தொடுகிறது. 2018-இன் ‘ஃபுளோரன்ஸ்’ இதையே சிறியதாகச் செய்கிறது: பேச்சுக் குமிழியைத் துண்டு துண்டாகச் சேர்க்க வேண்டும், இருவரும் பழகப் பழகத் துண்டுகள் குறையும், சண்டை வந்தால் விளிம்புகள் கூராகிவிடும்.

ஒரு காட்சியை நாமே கட்டிப் பார்ப்போம். அப்பா, மகள், ஆடுவது மகளாக. ஒரே தெரு, 60 மீட்டர், மூன்று முறை. ட்ரிக்கரை (கன்ட்ரோலரில் ஆள்காட்டி விரலுக்கான பட்டன்) அழுத்திப் பிடித்தால் கை கோக்கும், விட்டால் பிரியும்.

முதல் நடையில் அப்பாவின் வேகம் நொடிக்கு 2 மீட்டர், சிறுமியுடையது 1.5. ஸ்டிக்கை முழுக்கத் தள்ளினாலும் பின்தங்குவாள். கையைப் பிடித்தால்தான் அவர் வேகம் கிடைக்கும். இரண்டாம் நடையில் அவள் வளர்ந்துவிட்டாள், இருவருக்கும் 2. கை பிடிக்கத் தேவையே இல்லை, பலர் பிடிக்கவும் மாட்டார்கள். கட்டாயப்படுத்தாதீர்கள், பிடிக்காமல் போனதும் கதைதான். மூன்றாவதில் அவருக்கு 1, அவளுக்கு 2. ஸ்டிக்கைப் பாதிதான் தள்ள வேண்டும், இல்லையென்றால் அவர் திரைக்கு வெளியே போய்விடுவார். கை கோத்தால் இப்போது அவள் அவர் வேகத்துக்கு இறங்குகிறாள். 30 நொடியில் முடிந்த தெரு ஒரு நிமிடமாகிறது.

இது சொதப்பும் இடங்கள் மூன்று. ஒன்று, மூன்றாம் நடையின் மெதுவை ஆடுபவர் ‘லேக்’, அதாவது கேம் திணறுகிறது என்று நினைத்து செட்டிங்ஸைத் திறப்பார். வேகம் குறைவதற்கு முன்பே காரணம் உடம்பில் தெரிய வேண்டும்: வாசலில் அவர் சுவரைப் பிடித்து இரண்டு நொடி நிற்கட்டும், காலடிச் சத்தத்தின் இடைவெளி நீளட்டும். இரண்டு, 2 மீட்டர் வேகத்துக்குச் செய்த நடை அனிமேஷனையே பாதி வேகத்தில் ஓட்டினால் அப்பா நிலாவில் நடப்பார். குறுகிய எட்டு வைக்கும் நடையைத் தனியாகச் செய்தே ஆக வேண்டும். மூன்று, கீபோர்டில் பாதி தள்ளுவது கிடையாது. அங்கே கை கோக்கும் பட்டனே வேகத்தைப் பார்த்துக்கொள்ளும்படி அமையுங்கள்.

வேக வித்தியாசத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். பத்து சதவீதம் கூட்டினாலும் குறைத்தாலும் விரலுக்குத் தெரியாது. கால் பங்கிலிருந்து தொடங்குங்கள்.

பொருட்களிலும் இதே கணக்கு. 2021-இன் ‘அன்பேக்கிங்’ கேமில் 2010 என்ற கட்டத்தில் நாயகி காதலன் வீட்டுக்குக் குடிபோகிறாள். அவளுடைய பட்டச் சான்றிதழை மாட்டச் சுவரில் எங்கும் இடமில்லை, கடைசியில் கட்டிலுக்கடியில் தள்ள வேண்டியதாகிறது. சான்றிதழ் பெட்டியிலேயே கிடந்திருந்தால் அது வெறும் அலங்காரம். இடம் தேடி அலைந்தது ஆடுபவரின் கை, அதனால் கோபமும் அவருக்கே வருகிறது. நம் தெருவுக்கு ஒரே பொருள் போதும்: கேட்டின் தாழ்ப்பாள். முதலில் அவளுக்கு எட்டாது, பிறகு எட்டும், கடைசியில் அவருக்காகத் திறப்பாள். இருபது பொருட்களைப் பரப்பினால் ஒன்றும் பதியாது. முக்கியமான பொருளுக்கு ஒளிவட்டம் போட்டால், எடுத்துப் பையில் போட வேண்டிய சாமான் என்று நினைத்து அழுத்திக்கொண்டே இருப்பார்கள். அறை அறையாக டைரியும் கடிதமும் போட்டு வைப்பதோ வசனத்தைக் கொல்லைப்புறமாக உள்ளே விடுகிற வேலை.

கண்ணை எங்கே இழுப்பது என்பது சுலபம்: அசைவு, வெளிச்ச வேறுபாடு, திறந்த வெளியில் உயரமான ஒன்று. ‘ஜர்னி’ (2012) தொடக்கத்திலேயே தூரத்து மலையுச்சியின் ஒளியைக் காட்டிவிடுகிறது, போகவேண்டிய இடத்தை அதற்குப் பிறகு யாரும் சொல்லத் தேவையில்லை. தவறவிடக் கூடாததைப் பார்வை குறுகும் இடத்தில் வையுங்கள், அதாவது கதவு நிலை, சந்து, படிக்கட்டின் தலைப்பில்.

முகபாவத்தை நம்பாதீர்கள். உருவம் திரை உயரத்தில் எட்டில் ஒரு பங்கு என்றால் முகம் ஒரு புள்ளிக்கூட்டம்தான். தலையாட்டலும் கட்டைவிரலும் ஊருக்கு ஊர் அர்த்தம் மாறும். தொங்கும் தோள், நின்று திரும்பிப் பார்ப்பது, தயங்கும் கால் ஆகியவை எங்கும் எடுபடும். இசைக்கு நான்கைந்து ஸ்வரத்தில் ஒரு சிறு மெட்டு போதும். அப்பா வரும்போதெல்லாம் அது ஒலிக்கட்டும், அவர் இல்லாத தெருவில் பாதியில் நிற்கட்டும். காது கேளாதவர்களும் ஆடுவார்கள், ஆகவே ஒலியில் சொன்னது கண்ணுக்கும் தெரிய வேண்டும்.

சோதிக்க, கதையைப் பற்றி எதுவும் கேள்விப்படாத ஐந்து பேர் வேண்டும். திரையையும் கைகளையும் பதிவு செய்யுங்கள், நீங்கள் வாயே திறக்காதீர்கள். முடிந்ததும் ‘புரிந்ததா?’ என்று கேட்டால் எல்லாரும் ஆமாம் என்பார்கள்; ‘என்ன நடந்தது, சொல்லுங்கள்’ என்று கேளுங்கள். நடந்ததை ஆளுக்கொரு விதமாகச் சொன்னால் காட்சியில் பிழை. நடந்தது ஒன்றாக இருந்து அதன் அர்த்தம் மட்டும் வேறுபட்டால் கைவைக்காதீர்கள். ஒருவரிடம் ஒருமுறைதான் சோதிக்க முடியும், இரண்டாம் முறை அவருக்குக் கதை தெரிந்திருக்கும். அதனால் ஐந்து பேரையும் ஒரே நாளில் உட்கார வைக்காமல், இருவரிடம் காட்டித் திருத்திவிட்டு மற்ற மூவரைக் கூப்பிடுங்கள்.