எந்தப் பெயர்ச்சொல்லுக்கு எந்த வினைச்சொல்? ஆங்கிலச் சொற்சேர்க்கைக்கு ஒரு செய்முறை

'ஐ டிட் எ மிஸ்டேக்' என்று சொன்னால் கேட்பவருக்குப் புரியும். ஆனாலும் காதில் லேசாக இடறும். காலம் சரி, 'எ' சரி, சொல் வரிசையும் சரி. மிஸ்டேக் என்ற சொல் 'டூ'வோடு சேராது, 'மேக்'தான் வேண்டும் என்று அடம்பிடிக்கிறது. சிக்கல் அவ்வளவுதான்.

இப்படி ஒரு சொல் இன்னொரு சொல்லோடு வழக்கமாகக் கூட்டுச் சேர்வதை 'கொலொகேஷன்' என்பார்கள். 1950களில் பிரிட்டிஷ் மொழியியலாளர் ஜே. ஆர். ஃபிர்த் இந்தச் சொல்லை மொழியியலில் நிலைநிறுத்தினார். பெயர் நினைவில் இல்லாவிட்டால் பரவாயில்லை, பழக்கம் வந்தால் போதும்.

படி 1: தமிழில் இது உங்களுக்கு ஏற்கெனவே தெரியும்

பெயின்ட் அடிக்கிறோம், விசில் அடிக்கிறோம், மொட்டை அடிக்கிறோம், காப்பி அடிக்கிறோம், கண் அடிக்கிறோம். எங்கேயும் யாருக்கும் அடி விழவில்லை. கையெழுத்தை மட்டும் ஏன் அடிக்காமல் போடுகிறோம்? சண்டையும் போடுகிறோம், ஆனால் முடிவை எடுக்கிறோம். தமிழ் கற்க வந்த ஒருவர் காரணம் கேட்டால் 'அப்படித்தான் சொல்வோம்' என்பதைத் தவிர நம்மிடம் பதில் இருக்காது.

ஆங்கிலத்திலும் இதே கதைதான். மேக், டூ, டேக், ஹேவ், கிவ் போன்ற வினைகள் இந்தத் தொடர்களில் தம் சொந்தப் பொருளைப் பெரும்பாலும் இழந்துவிடுகின்றன. பொருளைச் சுமப்பது பெயர்ச்சொல்தான். டேனிஷ் மொழியியலாளர் ஓட்டோ யெஸ்பர்சன் இவற்றுக்கு 'லைட் வெர்ப்' என்று பெயர் வைத்தார். எடை இல்லாத வினை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எடை இல்லாத சொல்லை மொழிபெயர்க்கப் போனால்தான் வம்பு. கனவு கண்டேன் என்பது 'சா எ ட்ரீம்' ஆகிவிடுகிறது. 'ஹேட் எ ட்ரீம்' என்பதே வழக்கு. மாத்திரை சாப்பிட்டேன் என்பதை 'ஏட் எ டேப்லெட்' என்கிறோம்; ஆங்கிலத்தில் மாத்திரையை 'டேக்' செய்ய வேண்டும். குழந்தைக்குப் பெயர் வைத்தார்கள் என்பது 'கெப்ட் எ நேம்' என்று வந்து விழுகிறது. அங்கே 'கிவ்' வரும், அல்லது 'நேம்' என்பதையே வினையாக்கிவிடலாம். சத்தம் போடாதே என்பதற்கு 'புட்' கிடையாது, 'டோன்ட் மேக் எ நாய்ஸ்'.

படி 2: நோட்டில் பெயர்ச்சொல்லை முதலில் எழுதுங்கள்

பெரும்பாலான பாடங்கள் 'மேக்' என்று தலைப்புப் போட்டு அதன் கீழ் முப்பது தொடர்களை அடுக்குகின்றன. எனக்கு இதில் நம்பிக்கை இல்லை. பேசும்போது நம் மனதில் முதலில் வருவது வினை அல்ல, விஷயம். தவறு, முடிவு, போட்டோ, அறிவுரை என்றுதான் தோன்றும். அதற்கேற்ற வினையைத்தான் தேடுகிறோம். நோட்டும் அதே வரிசையில் இருந்தால் தேடுவது எளிது.

ஒரு பக்கத்துக்கு ஒரு பெயர்ச்சொல். உதாரணமாக 'ப்ராமிஸ்' என்று எழுதுங்கள். அதன் கீழே: வாக்குக் கொடுக்க 'மேக்', காப்பாற்ற 'கீப்', மீற 'பிரேக்'. மூன்று வினைகளில் அந்தச் சொல்லின் வாழ்க்கை வரலாறே வந்துவிட்டது. 'அட்வைஸ்' பக்கத்தில் கொடுப்பதற்கு 'கிவ்', கேட்பதற்கு 'ஆஸ்க் ஃபார்', கேட்டு நடப்பதற்கு 'டேக்' அல்லது 'ஃபாலோ'. 'அட்வைஸ்' முன்னால் 'ஆன்' வராது, பின்னால் 'ஸ்' சேராது என்பதையும் அங்கேயே குறித்துவிடுங்கள். வினை சரியாக இருந்தும் 'கேவ் மீ ஆன் அட்வைஸ்' என்று தடுக்கி விழுபவர்கள் நிறைய.

படி 3: மேக், டூ

இங்கேதான் நேரம் செலவழிக்க வேண்டும். தமிழில் 'செய்', 'பண்ணு' இரண்டுமே இந்த இரு வேலைகளையும் பார்த்துக்கொள்கின்றன. தப்பும் செய்கிறோம், வேலையும் செய்கிறோம். அதனால் எது எங்கே என்று நம் காது எச்சரிப்பதில்லை.

'டூ' செயலைக் காட்டும், 'மேக்' உருவாக்குவதைக் காட்டும் என்று சொல்வார்கள். பாதி தூரம் உதவும். ஹோம்வொர்க், எக்சர்சைஸ், ரிசர்ச், ஒரு வேலை எல்லாம் 'டூ'. கேக், நாய்ஸ், மணி எல்லாம் 'மேக்'. ஆனால் 'மேக் எ டிசிஷன்' என்பதில் எதை உருவாக்கினோம் என்று யோசித்துக்கொண்டு நின்றால் பஸ் போய்விடும். எனக்கு அதிகம் கைகொடுக்கும் குறிப்புகள் வேறு.

ஒன்று, பெயர்ச்சொல்லுக்குள் பேச்சோ யோசனையோ சார்ந்த வினை ஒளிந்திருக்கிறதா என்று பாருங்கள். டிசைட் என்பதிலிருந்து டிசிஷன், சஜெஸ்ட் என்பதிலிருந்து சஜெஷன், கம்ப்ளெய்ன் என்பதிலிருந்து கம்ப்ளெய்ன்ட். ப்ராமிஸ், ஆஃபர், அட்டெம்ப்ட் ஆகியவை வினையாகவும் வரும், பெயராகவும் வரும். இவற்றுக்கெல்லாம் 'மேக்'.

அடுத்தது, 'இங்' என்று முடியும் வீட்டு வேலைகளுக்கு 'டூ': டூ தி குக்கிங், டூ தி கிளீனிங், டூ தி ஷாப்பிங், டூ தி அயர்னிங்.

மிச்சத்தை மனப்பாடம்தான் செய்ய வேண்டும். 'டூ பிசினஸ்', ஆனால் 'மேக் எ ப்ராஃபிட்'. 'டூ யுவர் பெஸ்ட்', ஆனால் 'மேக் ஆன் எஃபர்ட்'. 'டூ டேமேஜ்', ஆனால் 'மேக் எ மெஸ்'. பாத்திரம் கழுவுவது 'டூ தி டிஷஸ்'; படுக்கையை ஒழுங்குபடுத்துவது 'மேக் தி பெட்', கட்டில் செய்யும் தச்சர் வேலை அல்ல. இப்படி ஜோடி ஜோடியாகப் படித்தால் ஒன்று இன்னொன்றை நினைவூட்டும்.

படி 4: டேக், ஹேவ், கிவ்

இவை தமிழரை அவ்வளவு படுத்துவதில்லை. போட்டோ எடு, ரிஸ்க் எடு, ரெஸ்ட் எடு என்பதில் எல்லாம் 'எடு' இருக்கும் இடத்தில் 'டேக்' அப்படியே உட்கார்ந்துகொள்கிறது. 'ஹேவ்' மட்டும் கொஞ்சம் கவனம் கேட்கும். சாப்பாடு, தலைவலி, அரட்டை, சண்டை, பார்ட்டி எல்லாம் அதன் ஆளுகை: ஹேவ் லஞ்ச், ஹேவ் எ ஹெட்ஏக், ஹேவ் எ சாட், ஹேவ் எ ஃபைட், ஹேவ் எ பார்ட்டி. பார்ட்டி வைத்தேன் என்பதற்காக 'கெப்ட்' என்று எழுதிவிடாதீர்கள்.

சில இடங்களில் ஆங்கிலம் பேசுபவர்களுக்குள்ளேயே ஒற்றுமை இல்லை. குளிப்பதற்கு அமெரிக்கர் பெரும்பாலும் 'டேக் எ ஷவர்' என்பார், பிரிட்டிஷ்காரர் 'ஹேவ் எ ஷவர்' என்பார். பரீட்சை இன்னும் வேடிக்கை. பொதுவாக 'டேக் ஆன் எக்ஸாம்', பிரிட்டனில் 'சிட் ஆன் எக்ஸாம்' என்பதும் உண்டு. நாம் சொல்லும் 'ரைட் ஆன் எக்ஸாம்' தவறு என்று சிலர் அடித்துச் சொல்வார்கள். அதை நம்ப வேண்டாம். கனடாவிலும் தென்னாப்பிரிக்காவிலும் அப்படிச் சொல்கிறார்கள். எல்லா நாட்டாரும் படிக்கப் போகும் கடிதம் என்றால் 'டேக்' என்று எழுதுங்கள், யாரும் புருவம் உயர்த்த மாட்டார்கள்.

படி 5: நடுவில் ஒரு அடைமொழி

'லுக்' என்ற ஒரே வினை போதாதா, 'ஹேவ் எ லுக்' எதற்கு? பெயர்ச்சொல் ஆக்கிவிட்டால் அடைமொழி சேர்ப்பது சுலபம். 'ஹேவ் எ குயிக் லுக்', 'ஹேவ் எ குளோஸர் லுக்', 'டேக் எ டீப் பிரெத்', 'மேக் எ சீரியஸ் மிஸ்டேக்'. நோட்டில் உள்ள ஒவ்வொரு தொடரிலும் இப்படி ஒரு சொல்லைச் செருகிப் பழகுங்கள். அப்புறம் காலத்தையும் மாற்றிப் பாருங்கள்: டுக் எ டீப் பிரெத், மேட் எ சீரியஸ் மிஸ்டேக். வாயில் தயங்காமல் வந்தால் அடுத்த பக்கம்.

படி 6: சந்தேகம் வந்தால்

கொலொகேஷன் அகராதியில் வினையைத் தேடாமல் பெயர்ச்சொல்லைத் தேடுங்கள். அதோடு சேரும் வினைகள் வரிசையாக இருக்கும். கூகுள் என்கிராம் வியூவர் இலவசம். நூல்களில் ஒரு தொடர் எவ்வளவு புழங்குகிறது என்பதை வரைபடமாகக் காட்டும். 'மேக் எ மிஸ்டேக்', 'டூ எ மிஸ்டேக்' இரண்டையும் நடுவே காற்புள்ளி வைத்துக் கொடுங்கள். இரண்டாவது கோடு தரையை விட்டு எழும்பவே எழும்பாது. 'மேக் எ டிசிஷன்', 'டேக் எ டிசிஷன்' இரண்டையும் முதலில் அமெரிக்க ஆங்கிலத்திலும் பிறகு பிரிட்டிஷ் ஆங்கிலத்திலும் பாருங்கள். 'டேக்' என்று சொல்லும் ஆட்கள் பிரிட்டனில் கணிசம் என்பது தெரியும்.

படி 7: கையோடு ஒரு பயிற்சி

இவற்றை எழுதிப் பார்த்துவிட்டுக் கீழே வாருங்கள்: பொய் சொன்னான். கவனி. சளி பிடித்துவிட்டது. ஒரு உதவி செய்வீர்களா? நல்ல முன்னேற்றம் கண்டிருக்கிறாள்.

சரி, விடைகள். பொய்க்கு 'டெல்': ஹீ டோல்ட் எ லை. 'செட் எ லை' என்று வராது. கவனத்துக்குப் 'பே': பே அட்டென்ஷன், காசு எதுவும் கட்ட வேண்டாம். சளிக்குக் 'காட்': ஐ காட் எ கோல்ட், 'கேட்ச்' என்பதன் இறந்தகாலமான 'காட்' என்றாலும், 'கெட்' என்பதன் இறந்தகாலமான 'காட்' என்றாலும் சரியே. உதவிக்கு 'டூ': குட் யூ டூ மீ எ ஃபேவர்? கடைசியில் 'மேக்': ஷீ ஹேஸ் மேட் குட் ப்ராக்ரஸ். இங்கே 'எ குட் ப்ராக்ரஸ்' என்று எழுதியிருந்தால் வினை சரி, 'எ' மட்டும் உதிர வேண்டும். 'ப்ராக்ரஸ்' பக்கத்தில் அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.