போர்வை ஓரத்துக்கு ரம்பப்பல் முக்கோணங்கள்

ஒட்டுத்துணிப் போர்வையின் நடுப்பகுதியில் காட்டும் அக்கறையை ஓரத்திலும் காட்டுங்கள். இருநிற முக்கோணங்களை வரிசையாக இணைக்கும் ரம்பப்பல் ஓரம்தான் என் முதல் விருப்பம்.

முக்கோணங்களைத் தனித்தனியாக வெட்டித் தைக்க வேண்டாம். சாய்வாக வெட்டிய துணி எளிதில் இழுபட்டுக் கோணலாகிவிடும். வெளிர் நிறத்தில் ஒன்று, அடர் நிறத்தில் ஒன்று என இரண்டு 3 அங்குலச் சதுரங்களை, நல்ல பக்கங்கள் உள்ளே இருக்கும்படி ஒன்றன்மேல் ஒன்று வையுங்கள். மூலைக்கு மூலை பென்சிலால் கோடு போட்டு, அதன் இருபுறமும் கால் அங்குலம் தள்ளித் தையுங்கள். பிறகு கோட்டின் மேலேயே வெட்டினால் இரண்டு இருநிறச் சதுரங்கள் கிடைக்கும். தையலை அடர் நிறத்தின் பக்கம் சாய்த்து இஸ்திரி போடுங்கள். பெட்டியை இழுத்துத் தேய்க்காமல் அழுத்தி அழுத்தி எடுக்க வேண்டும், இது மிக முக்கியம். அளவுகோலின் 45 டிகிரிக் கோட்டைத் தையல்மேல் பொருத்தி, இரண்டரை அங்குலமாகச் சீர்செய்யுங்கள். தைத்து முடித்தபின் 2 அங்குலம் நிற்கும்.

ஓரத்தின் நீளத்தைப் போர்வையின் விளிம்பில் அளக்காதீர்கள், விளிம்பு நீண்டிருக்கலாம். நடுவில் அளந்து, தையலுக்கான அரை அங்குலத்தைக் கழியுங்கள். மீதி 2-ஆல் சரியாக வகுபடாவிட்டால், போர்வைக்கும் ஓரத்துக்கும் இடையில் ஒற்றை நிறப் பட்டை ஒன்றைத் தைத்துச் சரிக்கட்டலாம். பார்வைக்கும் அது அழகுதான்.

ஓரத்தை இணைக்கும்போது அதன் தையல் பக்கம் மேலே தெரியட்டும். தையல்கள் குறுக்கிடும் புள்ளியைத் தொட்டபடி ஊசி சென்றால், ஒரு கூர்முனைகூட மழுங்காது.