கல்லூரி லைன்மேன் என்எஃப்எல்லில் தாக்குப்பிடிப்பாரா? டேப் பார்த்துக் கணிப்பது எப்படி

அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பால் பார்க்கும்போது நம் கண் பந்தோடேயே ஓடும். பந்தை வீசும் குவாட்டர்பேக்குக்கு யார்டு கணக்கு உண்டு, அதைப் பிடிக்கும் ரிசீவருக்கு கேட்ச் கணக்கு உண்டு. அவர்களுக்காக முன்னால் நின்று மோதும் ஐந்து அஃபென்சிவ் லைன்மேன்களுக்கு அப்படி எதுவும் இல்லை. தப்புக்கு நடுவர் வீசும் மஞ்சள் கொடி விழுந்தால்தான் அவர்கள் நம்பரே மைக்கில் கேட்கும். ஆகவே புள்ளிவிவரத்தை நம்பி இவர்களைக் கணிக்க முடியாது, ஆட்டப் பதிவை, அதாவது டேப்பை, உட்கார்ந்து பார்க்கத்தான் வேண்டும். ஒரு வசதி: ரிசீவர் பாதி நேரம் கேமராவுக்கு வெளியே ஓடிவிடுவார், லைன்மேனின் வேலை பெரும்பாலும் திரைக்குள்ளேயே நடந்து முடிந்துவிடும். சாதாரண டிவி ஒளிபரப்பே போதும்.

பழகுவதற்கு, முடிவு தெரிந்த வீரர் ஒருவரை எடுத்துக்கொள்ளுங்கள். நான் சிபாரிசு செய்வது ரஷான் ஸ்லேட்டர். நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தின் லெஃப்ட் டாக்கிள். (லைனின் இரு ஓரத்தில் நிற்பவர்கள் டாக்கிள், அவர்களுக்கு உள்ளே கார்டு, நடுவில் சென்டர்.) கல்லூரி வீரர்களை என்எஃப்எல் என்ற தொழில்முறை லீக்கின் அணிகள் வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில், 2021இல் 13ஆவது வீரராக சார்ஜர்ஸ் அணி எடுத்தது.

1. சரியான ஆட்டத்தைத் தேர்ந்தெடுங்கள்

ஹைலைட் வீடியோ வேண்டாம். எந்த வீரருக்கும் இருபது நல்ல பிளே தேறும். எதிரணியில், குவாட்டர்பேக்கைத் துரத்தும் நல்ல பாஸ் ரஷர் இருக்கும் ஆட்டமாகப் பார்த்து மூன்று எடுங்கள். ஸ்லேட்டருக்கு அது 2019 அக்டோபரில் ஒஹையோ ஸ்டேட்டுக்கு எதிரான ஆட்டம். எதிரே சேஸ் யங், அடுத்த ஆண்டு டிராஃப்டில் இரண்டாவதாகப் போனவர். நார்த்வெஸ்டர்ன் 52-3 என்று தோற்றது. அந்த ஸ்கோரைப் பார்த்து ஒதுக்கிவிடாதீர்கள். ஸ்லேட்டரின் பெயரை ஸ்கவுட்டுகள் மத்தியில் உயர்த்தியது அந்த டேப்தான். அணியின் தோல்வியை லைன்மேன் தலையில் கட்டுவது புதியவர்கள் அதிகம் செய்கிற தப்பு.

2. முதலில் கால்

ஒவ்வொரு பிளேயையும் மூன்று முறை பாருங்கள்: ஒருமுறை காலுக்கு, ஒருமுறை கைக்கு, ஒருமுறை மொத்தமாக. காலைப் பார்க்கும்போது திரையின் மேல்பாதியை ஒரு அட்டையால் மறைத்துக்கொண்டாலும் தப்பில்லை. மேலே நடக்கும் கைகலப்பு அவ்வளவு கண்ணைப் பறிக்கும்.

பாஸ் பிளேயில் டாக்கிள் பின்னோக்கிச் சறுக்குவதற்கு கிக் ஸ்லைடு என்று பெயர். வெளிக்கால் பின்னால் போகும், உள்கால் தொடரும். இரண்டும் குறுக்கே போகக் கூடாது, ஒன்றோடொன்று இடிக்கவும் கூடாது. அடுத்து இடுப்பைக் கவனியுங்கள். வேகமான ரஷரைக் கண்டு பயந்து, இடுப்பைச் சீக்கிரமே பக்கவாட்டுக் கோட்டை நோக்கித் திருப்பிவிடுகிறாரா? அப்படியானால் உள்பக்கம் வாசல் திறந்துவிட்டது. கல்லூரியில் அதைப் பயன்படுத்திக்கொள்ளத் தெரியாத எதிராளிகள் நிறைய உண்டு. என்எஃப்எல்லில் இரண்டாவது பிளேயிலேயே உள்ளே வெட்டிப் போய்விடுவார்கள். அதனால் சாக் (குவாட்டர்பேக் பந்தோடு வீழ்த்தப்படுவது) விழுந்ததா இல்லையா என்பதைவிட, வாசல் திறந்ததா என்பதைக் குறித்து வையுங்கள்.

ஸ்லேட்டரிடம் பார்க்க வேண்டியது இதுதான். முதல் அசைவில் தோற்றாலும் அடுத்த அடியில் தன்னைச் சரிசெய்துகொள்வார். இப்படி மீளும் திறன் இருந்தால் நான் மற்ற குறைகளுக்குப் பாதி மார்க்கைத் திருப்பித் தந்துவிடுவேன்.

3. பிறகு கை

ரஷரைத் தடுக்கக் கையால் கொடுக்கும் முதல் குத்தான பஞ்ச் எப்போது வருகிறது, எங்கே விழுகிறது: இரண்டே கேள்வி. எதிராளியின் மார்புக்குள் விழுந்தால் நல்லது. தோளுக்கு வெளியே பிடித்தால் நடுவர் கண்ணில் பட்டு ஹோல்டிங், பத்து யார்டு போச்சு. அவசரப்பட்டுக் கையை வீசி, தலையும் கூடவே முன்னால் சாய்ந்தால் அபாயம். முழங்காலை மடக்காமல் இடுப்பை வளைத்து ஆடுபவர்களுக்குத்தான் இது அடிக்கடி நடக்கும்.

கயிறு இழுக்கும் போட்டியில் கடைசியில் நிற்பவர் இடுப்பைத் தாழ்த்திக் குதிகாலை ஊன்றுவார் இல்லையா, ரஷர் நேராக முட்டித் தள்ளும் புல் ரஷ் வரும்போது லைன்மேன் செய்ய வேண்டியதும் அதுதான். ஓரடி, ஈரடி பின்வாங்கலாம். குவாட்டர்பேக் மடியில் போய் உட்காரக் கூடாது. இப்படி ஊன்றி நிற்கும் ஆங்கர் பலவீனமாக இருப்பதற்கு இரண்டு காரணம் இருக்கலாம். உடம்பில் பலம் குறைவு என்றால் ஜிம்மில் சரியாகிவிடும். எப்போதும் நிமிர்ந்தே நின்று ஆடும் பழக்கம் என்றால் மாற்றுவது கஷ்டம்.

4. ரன் பிளாக்

பந்தோடு ஓடுபவருக்கு வழி திறப்பதுதான் ரன் பிளாக். இதைக் கணிப்பது சுலபம். முதல் மோதலில் யார் பின்வாங்குகிறார்? பிறகு கால் நிற்காமல் ஓடுகிறதா? எதிரணியின் முன்வரிசைக்குப் பின்னால் நிற்கும் லைன்பேக்கரைத் தேடி அடுத்த மட்டத்துக்குப் போனால் திறந்த வெளியில் ஆளைப் பிடிக்கிறாரா, காற்றை அணைக்கிறாரா? விசில் வரை விடாமல் தள்ளுபவரை விமர்சகர்கள் தூக்கிக் கொண்டாடுவார்கள். எனக்கும் பிடிக்கும், ஆனால் அதைக் கடைசியில்தான் எழுதுவேன்.

5. கல்லூரி ஆட்டத்தின் சலுகைகளைக் கழியுங்கள்

புதியவர்கள் தவறவிடும் இடம் இது. கல்லூரி விதிப்படி, பாஸ் வீசப்படும் முன் லைன்மேன் மூன்று யார்டு வரை முன்னால் போகலாம். என்எஃப்எல்லில் ஒரே யார்டு. ரன்னா பாஸா என்று கடைசி நொடியில் முடிவெடுக்கும் ஆர்பிஓ பிளேக்கள் கல்லூரியில் கொழிப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம். அந்தப் பிளேயில் லைன்மேன் ரன் பிளாக்தான் செய்கிறார், ஆனால் கணக்கில் பாஸ் என்று ஏறும். ரஷரை உள்ளே விட்டு அவரைத் தாண்டி வீசும் ஸ்கிரீன் பாஸ், பந்து கைக்கு வந்ததும் வெளியேறும் குட்டி பாஸ் எல்லாம் இதே ரகம். 'இந்த சீசனில் ஒரு சாக்கூட விடவில்லை' என்ற செய்தியை நம்பும் முன் இவற்றையெல்லாம் கழியுங்கள். குவாட்டர்பேக் பின்னால் போய், பந்தை வைத்துக்கொண்டு மூன்று நொடி நின்ற பிளேக்களை மட்டும் எண்ணுங்கள். சில ஆட்டங்களில் எண்ணிக்கை சட்டென்று சுருங்கிவிடும். அந்தச் சின்னப் பட்டியலில்தான் உங்கள் விடை இருக்கிறது.

6. அளவுகள்

டேப் பார்த்த பிறகே எண்களுக்குப் போங்கள். டிராஃப்டுக்கு முன் இண்டியானாபொலிஸில் நடக்கும் கம்பைன் என்ற சோதனை முகாமில் உயரம், எடை, கை நீளம், ஓட்டம், தாவல் எல்லாம் அளப்பார்கள். 40 யார்டு ஓட்டத்தில் முதல் 10 யார்டு நேரத்தை மட்டும் பாருங்கள். லைன்மேன் அதற்கு மேல் நேராக ஓடுவது அபூர்வம். 225 பவுண்டு பெஞ்ச் பிரஸ்ஸுக்கு நான் பெரிய மதிப்புத் தருவதில்லை.

2018இல் ஓக்லஹோமாவின் ஆர்லாண்டோ பிரவுன் ஜூனியர் 40 யார்டை 5.85 நொடியில் ஓடி, பெஞ்ச் பிரஸ்ஸில் 14 முறை மட்டுமே தூக்கினார். எல்லோரும் கைவிட்டார்கள். மூன்றாம் சுற்றில் 83ஆவதாக ரேவன்ஸ் எடுத்தது, பிறகு என்எஃப்எல்லின் நட்சத்திர ஆட்டமான புரோ பவுலுக்குப் பலமுறை போனார். அளவுகள் வீண் என்றும் முடிவுகட்ட வேண்டாம். அயோவாவின் டிரிஸ்டன் வெர்ஃப்ஸ் 2020இல் 320 பவுண்டு உடம்போடு 4.85 நொடியில் ஓடினார், 36.5 அங்குலம் எம்பினார். அதே வெடிப்பு டேப்பிலும் இருந்தது.

டாக்கிளுக்கு அதிகம் விவாதிக்கப்படும் எண் கை நீளம். 34 அங்குலத்துக்கு மேல் இருந்தால் யாரும் பேச மாட்டார்கள். ஸ்லேட்டருக்கு 33. 'கார்டாக மாற்ற வேண்டும்' என்று டிராஃப்ட் வரை பேச்சு. கடைசியில் முதல் ஆண்டிலேயே லெஃப்ட் டாக்கிளாக ஆடிப் புரோ பவுலுக்குத் தேர்வானார். நோட்ர டேமில் டாக்கிளாக ஆடிய சாக் மார்ட்டினை டாலஸ் 2014இல் 16ஆவதாக எடுத்து கார்டில் நிறுத்தியது. அவரும் முதல் ஆண்டே ஆல்-புரோ, அதாவது லீக்கின் அந்த ஆண்டுச் சிறந்த வீரர்கள் பட்டியலில். ஆக, குட்டைக் கை என்றால் தோல்வி என்று எழுதாதீர்கள். எந்த இடத்தில் ஆடலாம் என்று எழுதுங்கள். சென்டருக்கு இன்னும் தளர்வு உண்டு: சின்சினாட்டியின் ஜேசன் கெல்சி உடம்பு சிறுத்திருந்ததால் 2011இல் ஆறாம் சுற்று வரை காத்திருந்தார், ஈகிள்ஸில் 13 சீசன் ஆடினார்.

அலபாமாவின் மொபைல் நகரில், டிராஃப்டுக்குப் போகும் கல்லூரி வீரர்களுக்காக நடக்கும் சீனியர் பவுல் ஆட்டத்தின் பயிற்சி வீடியோக்கள் கிடைத்தால் பாருங்கள். ஆனால் அங்கே ஒற்றைக்கு ஒற்றை மோதலில் பக்கத்து ஆள் உதவி கிடையாது, ரன் வருமோ என்ற சந்தேகம் ரஷருக்கும் கிடையாது. அது ரஷருக்குச் சாதகமான விளையாட்டு, லைன்மேன் தோற்றால் முழு மார்க் குறைக்காதீர்கள்.

7. குறிப்பு எழுதுங்கள்

நட்சத்திரம், மதிப்பெண் எதுவும் வேண்டாம். நாலு வரி போதும். ஸ்லேட்டருக்கு இப்படி எழுதலாம்:

பலம்: கால் வேகம், சமநிலை, தோற்ற பிளேயில் மீள்வது. லெஃப்ட், ரைட் இரண்டு பக்கமும் ஆடிய அனுபவம்.
கவலை: 33 அங்குலக் கை, நீளக் கை ரஷர் முதல் அடியைப் போடலாம். 2020 சீசனில் ஆடவில்லை.
இடம்: லெஃப்ட் டாக்கிளில் தொடங்கட்டும். அங்கே சரிப்படாவிட்டால் கார்டு.
மோசமான பட்சம்: பல ஆண்டு ஆடக்கூடிய கார்டு.

கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். முதல் சுற்றில் ஒருவரை எடுக்கும் அணி, பலத்துக்கு நிகராக அதையும் பார்த்துத்தான் முடிவெடுக்கிறது.