ட்ரம்ஸில் முதல் க்ரூவ்: இரண்டிலும் நான்கிலும் விழும் அடி

ட்ரம்ஸ் கற்க வருபவர்களில் பலர் முதல் நாளே இரு கைகளையும் இரு கால்களையும் ஒருசேர இயக்க முயன்று திணறிவிடுகிறார்கள். ஒவ்வோர் அங்கமாகச் சேர்த்துக்கொண்டே போனால், பேக்பீட் என்னும் அடிப்படை க்ரூவ், அதாவது நான்கு எண்ணிக்கையில் இரண்டிலும் நான்கிலும் அடி ஓங்கி விழும்படி திரும்பத் திரும்ப ஓடும் தாளம், யாருக்கும் கைவரும். மாணவர்களுக்கு நான் சொல்லித்தரும் வரிசையையே இங்கே தருகிறேன்.

முதல் படி, ஸ்டிக்கைப் பிடிப்பது. தடித்த முனையிலிருந்து ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு தள்ளி, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே பிடித்து, மற்ற விரல்களைத் தளர்வாக மடித்துக்கொள்ளுங்கள். இப்போது ஸ்டிக்கை ஸ்நேரின் (முன்னால் இருக்கும் சிறிய ட்ரம்) மீது தானாக விழ விடுங்கள். அது நான்கைந்து முறை துள்ளி அடங்கினால் பிடி சரி. ஒரே துள்ளலில் நின்றுவிட்டால் விரல்கள் இறுகியிருக்கின்றன என்று பொருள். இந்தச் சோதனையைத் தினமும் செய்யுங்கள், ஏனெனில் இறுகிய பிடியோடு பழகிய கையைப் பின்னாளில் திருத்துவது மிகவும் கடினம்.

இரண்டாம் படி, கால். 19ஆம் நூற்றாண்டின் அணிவகுப்பு இசைக்குழுக்களில் பேஸ் ட்ரம் என்னும் பெரிய ட்ரம்மை ஒருவரும் ஸ்நேரை மற்றொருவரும் வாசித்தார்கள். இரண்டையும் ஒருவரே உட்கார்ந்து வாசிக்க வழிசெய்தது கால் பெடல். வேகமாக இயங்கும் பெடல் ஒன்றை வில்லியம் லட்விக் வடிவமைக்க, லட்விக் சகோதரர்கள் 1909இல் சிகாகோவில் தொழில் தொடங்கினார்கள். வலது குதிகாலைப் பெடலில் ஊன்றி, முன்பாதத்தால் மட்டும் மிதித்துப் பழகுங்கள். இடது கால் ஹை-ஹாட்டை (ஒன்றன்மேல் ஒன்றாக உள்ள இரு உலோகத் தட்டுகள்) மூடியபடி அழுத்தியிருக்கட்டும்.

இனி க்ரூவ். மெட்ரோநோமை (சீராக ஒலித்து வேகம் காட்டும் கருவி) நிமிடத்துக்கு 60 என வைத்து, சுற்றுக்கு ஒன்று முதல் நான்கு வரை எண்ணி, ஒவ்வோர் எண்ணையும் "தக" என்று இரண்டாகப் பிரித்து, வலது கையால் ஹை-ஹாட்டில் சுற்றுக்கு எட்டு அடிகள் அடியுங்கள். அது சீராக ஓடத் தொடங்கியதும், இரண்டாம் எண்ணிலும் நான்காம் எண்ணிலும் இடது கையால் ஸ்நேரைச் சேருங்கள். பிறகு இடது கையை நிறுத்திவிட்டு, ஒன்றிலும் மூன்றிலும் காலை மட்டும் சேர்த்துப் பாருங்கள். இந்த இரு சேர்க்கைகளும் தனித்தனியே இரண்டு நிமிடம் தடையின்றி ஓடிய பிறகே மூன்றையும் இணைக்க வேண்டும்.

இணைத்ததும் ஃபோனில் பதிவு செய்து கேளுங்கள். ஸ்நேரும் ஹை-ஹாட்டும் சேரும் இடத்தில் "டப்" என்று ஒரே ஒலி கேட்க வேண்டும். "ட-டப்" என்று பிரிந்து கேட்டால் ஒரு கை முந்துகிறது. வேகத்தைக் கூட்டும் ஆசையை அதுவரை ஒத்திப்போடுங்கள்.

ஸ்நேர் அடி எவ்வளவு அழுத்தமாக விழ வேண்டும் என்பதை அறிய, அமெரிக்கப் பாடகர் ஃபேட்ஸ் டாமினோ 1949 டிசம்பரில் நியூ ஆர்லியன்ஸில் பதிவு செய்த 'தி ஃபேட் மேன்' பாடலைக் கேட்கச் சொல்வேன். அதில் ட்ரம்ஸ் வாசித்தவர் ஏர்ல் பாமர். அவ்வூர் ஜாஸில் பாட்டின் இறுதிச் சுற்றில் மட்டும் ஓங்கி ஒலித்த அந்த அடியை, இப்பாடலில் தொடக்கம் முதல் முடிவு வரை வாசித்ததாக அவரே கூறியிருக்கிறார்.

இவ்வளவும் கைவந்தபின், மூன்றாம் எண்ணின் "க"வில் இன்னொரு பேஸ் ட்ரம் அடியைச் சேருங்கள். கால் மிதிக்கும்போது இடது கையும் கூடவே இறங்கப் பார்க்கும்; அப்படி நேர்ந்தால், ஹை-ஹாட்டும் காலும் மட்டும் உள்ள சேர்க்கைக்குத் திரும்பி, 60இலிருந்தே மறுபடி தொடங்குங்கள்.