வாக்குவாதத்தின் நடுவே வாயடைத்துப்போகும் பழக்கம்: எனக்குப் பலன் தந்த வழி

மனைவியுடன் கருத்து வேறுபாடு எழுந்தால் சில நிமிடங்களில் நான் வாயடைத்துப்போவேன். அந்த மௌனம் இரண்டு மூன்று நாள் நீடிக்கும். விட்டுக்கொடுத்துப் பார்த்தேன். சொல்ல வேண்டியதைக் கடிதமாக எழுதிக் கொடுத்தேன். அதன் ஒவ்வொரு வரியும் புதிய சண்டைக்கு அடியெடுத்துக் கொடுத்தது. இணைந்து ஆலோசனை பெற அவர் இசையாததால், ஒருவர் மட்டும் போய் என்ன ஆகும் என்ற ஐயத்தோடுதான் தனிநபர் உளவியல் சிகிச்சைக்குச் சென்றேன்.

முதல் மூன்று அமர்வுகளை மனைவியைப் பற்றிய புகார்களிலேயே வீணடித்தேன். நான்காவதில் சிகிச்சையாளர், "மௌனமாவதற்குச் சற்று முன் உங்கள் உடலில் என்ன நடக்கிறது?" என்று கேட்டார். கவனித்தபோது, வலக் கைக் கட்டைவிரல் மற்ற விரல்களுக்குள் மடங்கி இறுகுவது தெரிந்தது. இதயத் துடிப்பு நிமிடத்துக்கு ஏறத்தாழ 100ஐத் தாண்டினால் எதிரில் இருப்பவர் சொல்வது மனத்தில் ஏறாது என்றும், உடல் தணியக் குறைந்தது 20 நிமிடம் வேண்டும் என்றும், அமெரிக்க உளவியலாளர் ஜான் காட்மனின் ஆய்வுகளைச் சுட்டி அவர் விளக்கினார்.

அதன்பின் விரல் மடங்கியதும், "அரை மணி நேரத்தில் வந்து பேசுகிறேன்" என்று சொல்லி எழுந்தேன். இருமுறை பலிக்கவில்லை. பலரும் தவறவிடக்கூடிய காரணம் இதுதான்: அந்த இடைவேளை முழுவதும் அடுத்த பதிலை மனத்துக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தேன், உடலுக்கு அதுவும் சண்டையே. மூன்றாம் முறை, துவைத்த துணிகளை ஒவ்வொன்றாக ஓரம் சேர்த்து மடித்துவைத்துவிட்டு, சொன்ன நேரத்துக்குத் திரும்பினேன். பேச்சு பத்தே நிமிடத்தில் முடிந்தது. இப்போது எந்த மௌனமும் மறுநாள் வரை நீள்வதில்லை, பெரும் நிம்மதி.