கலைச்சுப் போட்ட வாக்கியங்களை வரிசையாக்குறது எப்படி? பாரோமீட்டரை வச்சு ஒரு பழக்கம்

வாக்கியங்களைக் கலைச்சுக் கொடுத்து வரிசையாக்கச் சொல்ற கேள்வி வந்தா நம்மாளுங்க உடனே முதல் வாக்கியம் எதுன்னு தேட ஆரம்பிச்சிடுவாங்க. அதை விடுங்க, எது எதோட ஒட்டிக்கிட்டு வருதுன்னு ஜோடி தேடுங்க, ரெண்டு ஜோடி சிக்கினாலே பாதி வேலை முடிஞ்ச மாதிரி.

காற்றழுத்தம் அளக்குற பாரோமீட்டர் பத்தின இதை ஒரு தடவை படிங்க:

1. அங்கே பாதரச மட்டம் சுமார் 8 செ.மீ. இறங்கியிருந்தது.
2. இன்று புயல் நெருங்குவதை அறிய உதவும் பாரோமீட்டர் அந்தக் குழாயின் வாரிசுதான்.
3. 1643-ல் இத்தாலியில் விஞ்ஞானி டாரிசெல்லியின் யோசனைப்படி ஒரு கண்ணாடிக் குழாயில் பாதரசம் நிரப்பி, பாதரசக் கிண்ணத்தில் கவிழ்த்தார்கள்.
4. மேலே செல்லச் செல்லக் காற்றழுத்தம் குறைகிறது என்பது இதனால் உறுதியானது.
5. ஐந்து ஆண்டுகள் கழித்து, பிரான்ஸில் விஞ்ஞானி பாஸ்கலின் அக்கா கணவர் பெரியே என்பவர் அதேபோன்ற குழாயை புய் டி டோம் மலைமேல் கொண்டுபோனார்.
6. பாதரசம் முழுக்க வடியாமல் சுமார் 76 செ.மீ. உயரத்தில் நின்றுவிட்டது.

பார்த்ததும் 2-ஐத் தூக்கி முதல்ல போடத் தோணும், கருவி பேரு இருக்கு, "இன்று"ன்னு வேற ஆரம்பிக்குது, பார்க்க அறிமுகம் மாதிரியே இருக்கும். ஆனா "அந்தக் குழாய்"ங்குதே, எந்தக் குழாய்? இன்னும் குழாயே வரலையே! ஸ்கூல்ல சுட்டெழுத்து அ, இ, உ-ன்னு மனப்பாடம் பண்ணிட்டு அப்படியே மறந்தோமே, அது காசாகுற இடம் இதுதான். அங்கே, அந்த, அதே, இதனால்னு வர்றதை எல்லாம் பென்சில்ல வட்டம் போட்டுட்டு, ஒவ்வொண்ணும் எதைக் கை காட்டுதுன்னு பாருங்க.

1-ல "அங்கே"ன்னா எங்கே? மலைமேல. அப்போ 5-1 ஒரு ஜோடி. நிறைய பேர் 6-க்குப் பின்னாடி 1-ஐ வச்சு மாட்டிக்குவாங்க, ரெண்டுலயும் பாதரசம் வருதுல்ல, அந்த மயக்கம்தான், ஆனா 76-ல நின்ன பாதரசம் அதே இடத்துல இருந்துக்கிட்டு திடீர்னு 8 செ.மீ. ஏன் இறங்கணும்? 4-ல இருக்குற "இதனால்" மலைமேல மட்டம் இறங்குனதைத்தான் சொல்லுது, அதனால 5-1-4.

மிச்சம் 3-ம் 6-ம், ரெண்டுலயும் வட்டம் போட ஒண்ணும் இல்ல. 3-ல ஆளு, ஊரு, வருஷம், குழாய் எல்லாமே புதுசா வருது. 6 பாதரசத்தை நமக்கு ஏற்கனவே தெரிஞ்ச மாதிரி பேசுது, அப்போ 3-6. "ஐந்து ஆண்டுகள் கழித்து"ங்குறது 1643-ஐப் பிடிச்சுக்குது. பழைய கதை முடிஞ்சு "இன்று"க்கு வர்ற 2 கடைசிக்குப் போயிடும். விடை 3-6-5-1-4-2.

சுட்டே இல்லாம வந்தா? மழை அளக்குற மழைமானி மாதிரி ஒரு கருவி எப்படி வேலை செய்யுதுன்னு சொல்ற பத்தின்னா வேலை நடக்குற வரிசைதான் வழி. மழை புனல்ல விழுது, கீழ பாட்டில்ல சேருது, காலைல 8.30-க்கு அளவு ஜாடில ஊத்தி மி.மீ. கணக்குல குறிக்கிறாங்க. தண்ணி போற வழியிலேயே நீங்களும் போங்க. காற்று வேகமானி, காற்றுத் திசைகாட்டி ரெண்டும் ஒரே பத்தியில வந்தா மட்டும் உஷாரு, முதல்ல எந்த வாக்கியம் எந்தக் கருவிக்குன்னு பிரிச்சுக்கோங்க.

பழகணும்னா பேப்பர்ல வர்ற வானிலைச் செய்தியை வரி வரியா வெட்டிக் கலைச்சுப் போட்டு அடுக்கிப் பாருங்க, ஆனா வெட்டுறதுக்கு முன்னாடி ஒரு போட்டோ எடுத்து வச்சுக்கோங்க, நான் எடுக்காம வெட்டிட்டு சரியான வரிசை எதுன்னு தெரியாம முழிச்சேன்.